மூன்று அங்குலத் தூரம்

சின்னவளுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் அவள் சின்னவள்தான். ஆறு வயது மூத்தவள் பெரியவள். அந்தக் குடும்பத்தில் இரண்டே பெண்கள், இரண்டு பேருக்கும் இந்தக் கூப்பிடு பெயர்கள் போதும் என்று இருந்துவிட்டார்கள். பெரியவள் தையற்கடை வைத்திருக்கிறாள். சின்னவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள், காகிதத்தில் அல்ல, கணினித் திரையில். அக்காவும் தங்கையும் பேசி இரண்டரை வருடம் ஆகிறது.

காரணம் சொத்தோ சம்பந்தமோ இல்லை. ஒரு பூனையின் மீசை.

அதைச் சொல்வதற்கு முன்னால் பெரியவளின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே அவளுக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. பாட்டில் அடி கனத்துக்கு ஒரு கண்ணாடி. அதைப் போட்டால்தான் எதிரில் வருவது மனிதரா மரமா என்று புலப்படும். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதையாவது மூக்குக்கு நேரே, மூன்று அங்குலத்தில் பிடித்தால், மற்றவர்களுக்குப் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாதது அவளுக்குத் தெரியும். துணியில் ஓர் இழை விட்டுப்போயிருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். ஊசியில் நூல் கோப்பது ஒரே முறை, இரண்டாம் முறை முயன்றதாகச் சரித்திரமே இல்லை. பாடப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தாள். பெரியவள் புத்தகத்தை முகர்ந்து பார்த்தே பாஸ் பண்ணிவிடுகிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

இனி மீசை. சின்னவளின் முதல் புத்தகம் வந்தபோது நூலகக் கூடத்தில் ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். அட்டையில் ஒரு பூனை. எல்லோரும் கை நீளத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்றார்கள். பெரியவள் கண்ணாடியைக் கழற்றினாள், அட்டையை மூக்கருகே கொண்டுபோனாள், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை நகர்த்தினாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ஏய், இந்தப் பூனையோட மீசை ஏன் படிக்கட்டு படிக்கட்டா இருக்கு?"

பெரியவளுக்கு வாயை மெல்லத் திறக்கும் பழக்கம் கிடையாது. அவள் குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டதைக் கேட்டாள். சின்னவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பதிப்பகத்து ஆட்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"உனக்குத்தான் கண்ணே சரியாத் தெரியாதே. நீ எதுக்குப் படத்தைப் பத்திப் பேச வர்றே?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், புத்தகத்தை மேசையில் வைத்தாள், தேநீர் வருவதற்குள் புருஷனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவள் சொன்னது சரி. மறுநாளே சின்னவள் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தாள். மீசை படிக்கட்டாகத்தான் இருந்தது. திரையில் பார்ப்பதற்கென்று சின்ன அளவில் வரைந்த பூனை அது. அச்சுக்கு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும் என்று பதிப்பகம் கேட்டிருந்தது. மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது. அவள் அதை அழித்துவிட்டு முந்நூறு என்று தட்டினாள். கட்டமும் மறுபேச்சு பேசாமல் முந்நூறு என்று காட்டியது. ஆகிவிட்டது என்று நம்பி அனுப்பிவிட்டாள். இல்லாத புள்ளியைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? பக்கத்துப் புள்ளியைப் பார்த்துத் தானாகவே இட்டுக்கட்டி நிரப்பிவிட்டது. எண்ணை மாற்றினால் படம் மாறிவிடும் என்று நினைத்தது அவளுடைய தப்பு, கணினியின் தப்பில்லை.

தப்பு தெரிந்த அன்றே அக்காவுக்குப் போன் போட்டு, "நீ சொன்னதுதான் சரிக்கா" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. முதல் வாரம் வெட்கம், இரண்டாம் வாரம் வீம்பு. அவளே கூப்பிடட்டும் என்று ஒரு மாதம் போயிற்று. அதன் பிறகு எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஒரே ஊர், இரண்டு பேருந்து மாறினால் அக்கா வீடு. அந்தப் பக்கம் போகும் பேருந்தைக்கூட அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மன்னிப்பை வாயால் கேட்க வராததால் சின்னவள் அதை வரைய ஆரம்பித்தாள். ஒரு நிமிடத்து வேலைக்கு நாலு மாதம் எடுத்துக்கொண்டாள்.

படம் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். முன்சுவரைக் கழற்றி வைத்த மாதிரி ஐந்து மாடியின் அறைகளும் உள்ளே தெரியும். ஓர் அறையில் ஒருவர் ஷூ நாடா கட்டுகிறார், ஓர் அறையில் இரட்டைப் பிள்ளைகள் ஒரே சட்டைக்குச் சண்டை போடுகிறார்கள், ஒருத்தி குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். மூன்றாம் மாடி மூலை அறையில் ஒரு தையல்காரி. கனத்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஊசியை மூக்கருகே பிடித்து நூல் கோக்கிறாள். ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை. அதற்குப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு மீசை, ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. ஒன்றில்கூடப் படிக்கட்டு இல்லை.

அந்த மீசைக்காகத்தான் முழுக் கட்டடமும் என்பது சின்னவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

நகரத்துப் படக் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றில் அவளுக்கு ஒரு சுவர் கொடுத்தார்கள். சுவர் என்றால் முழுச் சுவர், வாசலில் நுழைந்ததும் எதிரே. ஆளுக்கு ஒரு படம்தான். அந்த வாரமே அத்தானிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. அக்காவின் புருஷன் அதிகம் பேசாதவர், எழுதுவது அதிலும் குறைவு.

"சனிக்கிழமை கண்காட்சிக்கு அக்கா வர்றேங்கிறா. நானும் வர்றேன்."

சின்னவள் அதை நாலு முறை படித்தாள். "அக்கா எப்படி இருக்கா?" என்று தட்டினாள். தட்டியதைப் பார்த்தாள். இவ்வளவு நாள் கேட்காததை இப்போது கேட்டால் அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது. அழித்துவிட்டு, "சரி அத்தான், வாங்க" என்று அனுப்பினாள்.

அச்சுக்கடைக்காரரை எல்லோரும் முந்நூறு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "முந்நூறுல இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே வந்த பெயர். தொப்பையும் மெல்லிய குரலுமாக ஒரு மனிதர். கடை முழுக்க மை வாசனை, மூலையில் ஆள் உயரத்துக்குக் காகிதச் சுருள்கள், நடுவில் கட்டில் நீளத்துக்கு ஒரு பெரிய பிரிண்டர். அது ஓடும்போது இவர் பேசமாட்டார். சின்னவள் படத்தைத் திறந்து காட்டினாள்.

"அடேங்கப்பா. ஊரையே குடி வச்சிருக்கீங்க," என்றார். பிறகு பெரிய படங்களுக்கென்று வைத்திருக்கும் கேள்வியைக் கேட்டார். "பார்க்கிறவங்க எங்க நிப்பாங்க?"

"எதுக்குங்க?"

"அதை வச்சுத்தானே கணக்கு. கையில வச்சுப் பார்க்கிற புத்தகம்னா அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. சுவத்துல மாட்டிப் பத்தடி தள்ளி நின்னு பார்க்கிறதுன்னா நூறே தாராளம். ரோட்டோர விளம்பரப் பலகை பார்த்திருக்கீங்கல்ல? அதுல கிட்டப் போனா ஒவ்வொரு புள்ளியும் மிளகு சைஸ் இருக்கும். கீழ இருந்து பார்க்கிறவனுக்கு மூஞ்சி மூஞ்சியாத்தான் தெரியும்."

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். படத்தின் உயரம் ஏழாயிரத்து இருநூறு புள்ளி, அகலம் நாலாயிரத்து எண்ணூறு. நாலு மாதம் வரைந்தது அவ்வளவுதான், இனி ஒரு புள்ளிகூட அதிகமாகாது. அங்குலத்துக்கு நூறாகப் பரப்பினால் ஆறடி உயரம், நாலடி அகலம். முந்நூறாக நெருக்கினால் இரண்டடி உயரம், ஒன்றேகால் அடியும் சொச்சமும் அகலம். பெரிசு வேண்டுமா, நெருக்கம் வேண்டுமா? ஏதாவது ஒன்றுதான்.

"அந்தக் கட்டத்துல முந்நூறுன்னு போட்டுக்கிட்டு, ஆறடிக்கும்..." என்று ஆரம்பித்தாள் சின்னவள், தெரிந்தே.

"பால்ல தண்ணி ஊத்தற கதைங்க அது. பாத்திரம் நிறையும்."

அவளுக்கு அது தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்?

கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாள் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார். பெரிய சுவர், பெரிய படம் வேண்டும், குறைந்தது ஆறடி. வாசலில் நுழைகிறவர்கள் அசந்து நிற்க வேண்டும். முந்நூறும் அதையேதான் சொன்னார். சின்னவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அவளுடைய எந்தப் படமும் இதுவரை புத்தகப் பக்கத்தைத் தாண்டிப் பெரிதானதில்லை.

"மீசை இருக்கிற இடத்தை மட்டும் ரெண்டு விதமா அடிச்சுக் குடுங்களேன்," என்றாள்.

"எந்த மீசை?"

காட்டினாள். அவர் திரையை மூன்று முறை பெரிதாக்கிய பிறகுதான் பூனையே அவர் கண்ணில் பட்டது. தலையைச் சொறிந்துகொண்டே இரண்டு துண்டுகளை அச்சிட்டுக் கொடுத்தார். சின்னவள் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். முந்நூறில் மீசை மீசையாக இருந்தது. நூறில் பூனை உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது, மீசையில் படி எண்ணலாம்.

"ஏங்க, கண்காட்சிக்கு வர்றவங்க பூதக்கண்ணாடி எடுத்துக்கிட்டா வரப்போறாங்க?"

"ஒருத்தங்க வருவாங்க. அவங்களுக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம். போட்டிருக்கிற கண்ணாடியைக் கழட்டினாலே போதும்."

"அவங்க எங்க நிப்பாங்க?"

"மூணு அங்குலத்துல."

இதைச் சொல்ல அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அக்காவை அவளுக்கு நாற்பது வருடமாகத் தெரியும். முந்நூறு ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த அம்மாளுக்கு ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து, இரண்டடிக் காகிதத்தை மாட்டப் போனார்.

வெள்ளிக்கிழமை படத்தை மாட்டியதும் பொறுப்பாளர் அம்மாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அவ்வளவு பெரிய வெள்ளைச் சுவரின் நடுவில் படம் அஞ்சல் தலை ஒட்டிய மாதிரி இருந்தது.

"இது என்னம்மா? மீதிச் சுவத்துக்கு நான் என்ன பண்றது?"

"கிட்ட வந்து பார்ப்பாங்க மேடம்."

"வர்றதுக்கு முதல்ல கண்ணுல படணுமே!"

அவர் சொன்னது பலித்தது. சனிக்கிழமை காலையில் வந்த கூட்டம் நுழைந்தவுடன் வலது பக்கம் திரும்பி, அங்கிருந்த எட்டடித் திமிங்கிலப் படத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. சின்னவளின் சுவர்ப் பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படத்தைத் தாண்டிப் போய், அதற்கு அடுத்ததைப் பற்றிக் குறிப்பெடுத்தார். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சுவருக்குப் பார்வையாளர் ஒரே ஒருத்திதான் என்று அவள் என்றைக்கோ தீர்மானித்துவிட்டாள்.

பதினொரு மணிக்குப் பெரியவள் வந்தாள். அத்தான் பின்னால், குடையும் பையுமாக.

கொஞ்சம் இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. மூக்கின் மேல் கண்ணாடி இல்லை. வாசலிலேயே கழற்றிவிட்டாள், படம் பார்க்கத் தயாராகிவிட்டாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். அக்காவின் கையைப் பிடித்துப் படத்தருகே கூட்டி வரலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். கண்ணாடி இல்லாமல் அக்கா கதவு நிலையில் இடித்துக்கொள்வது வழக்கம்.

பெரியவள் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. நேராக நடந்து வந்து பத்தடி தூரத்தில் நின்றாள். சுவரைப் பார்த்தாள். மேலே, கீழே, இரண்டு பக்கமும் பார்த்தாள். கிட்ட வரவில்லை.

"ஏண்டி," என்றாள், இரண்டரை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக. "இவ்வளவு பெரிய சுவத்துல ஏன் இவ்வளவு சின்னதாப் போட்டே?"

சின்னவளுக்குப் புரியவில்லை. "கிட்ட வந்து பாருக்கா. உனக்காகத்தான்..."

பெரியவள் கிட்ட வந்தாள். பழையபடி மூக்கை மூன்று அங்குலத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணைச் சுருக்கினாள், பின்வாங்கினாள், மறுபடி சாய்ந்தாள். இரண்டடி தள்ளி வந்து நின்றாள்.

"கிட்ட எல்லாம் மங்கலாத்தான்டி தெரியும். அந்தக் கண்ணாடி தையல் மிஷின் மேலயே இருக்கு, மறந்துட்டு வந்துட்டேன்."

"எந்தக் கண்ணாடி?"

"கிட்டத்துல பார்க்கிறதுக்குப் போடற கண்ணாடி." பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கூடத்தின் அந்தக் கோடியில், கதவுக்கு மேல் இருந்த சின்னப் பலகையை நிதானமாகப் படித்தாள். "தீ விபத்தின்போது இந்த வழியைப் பயன்படுத்தவும்."

சின்னவளால் அந்தப் பலகையைப் படிக்க முடியவில்லை.

"கண்ணுல புரை விழுந்துடுச்சு. ரெண்டு கண்ணுலயும்," என்றாள் பெரியவள், பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வது போல. "பழைய லென்ஸை எடுத்துட்டுப் புதுசு வச்சாங்க. தூரத்துல இருக்கிறதெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. கிட்டத்துலதான் ஒண்ணும் தெரியல. ஊசியில நூல் கோத்துத் தர்றது இப்போ இவருதான்."

அத்தான் சங்கடமாகச் சிரித்தார். வலது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"எப்போ?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே அத்தான்!"

அத்தான் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அவ கேட்டா சொல்லுங்க, கேட்காட்டி சொல்ல வேண்டாம்னு அக்கா சொல்லிட்டாம்மா."

பெரியவள் அதை மறுக்கவில்லை. "நீதான் கேட்கவே இல்லையே," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சின்னவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். அன்றைக்கு மீசையைப் பற்றிக் கேட்ட அதே குரலில், கண்ணில் பட்டதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். சின்னவளுக்கு அந்த அழித்த வரி நினைவுக்கு வந்தது. அக்கா எப்படி இருக்கா? நாலு மாதம் ஒவ்வொரு மீசையாக இழைத்தவள், மூன்று சொல்லை அனுப்பவில்லை. அவள் வரைந்து வைத்திருந்த அக்கா இப்போது எங்கேயும் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, இந்த முறை யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அழாதே. எல்லாரும் பார்க்கிறாங்க," என்றாள் பெரியவள். உண்மையில் எல்லோரும் திமிங்கிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன வரைஞ்சிருக்கேன்னு நீயே சொல்லு. நான் இங்கிருந்தே கேட்டுக்கறேன்."

சின்னவள் படத்தருகே போய் நின்றாள். மேல் மாடியிலிருந்து ஆரம்பித்தாள். ஷூ நாடா, ஒரே சட்டைக்குச் சண்டை போடும் இரட்டையர், குளியலறைக் கதவு. "அப்படியே நம்ம வீடுதான்," என்று அக்கா இடையில் சிரித்தாள். மூன்றாம் மாடிக்கு வந்ததும் சின்னவளின் குரல் இறங்கிவிட்டது.

"இங்க ஒரு தையல்காரி. கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சிருக்கா. ஊசியை முகர்ந்து பார்த்துக்கிட்டிருக்கா."

பெரியவளின் விரல் கண்ணாடி இல்லாத மூக்கின் மேல் போயிற்று.

"ஜன்னல்ல ஒரு பூனை."

"மீசை?"

"நேரா இருக்கு. ஆறும் நேரா இருக்கு." சின்னவள் திரும்பினாள். "அன்னிக்கு அது படிக்கட்டுதான்க்கா. மறுநாளே பார்த்துட்டேன். நீ சொன்னதுதான் சரி."

"எனக்குத் தெரியாதா? அந்தக் கூடத்துல அன்னிக்கு எனக்கு மட்டும்தானேடி கண்ணு தெரிஞ்சுது."

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு திமிங்கிலத்தைப் பார்க்கப் போய்விட்டார். பெரியவள் தன் முந்தானையால் தங்கையின் முகத்தைத் துடைத்தாள். கிட்டத்தில் சரியாகத் தெரியாததால் பாதி மூக்கைத்தான் துடைத்தாள்.

"இதையே பெரிசாப் போட்டு எனக்கு ஒண்ணு குடு," என்றாள். "மிஷினுக்கு எதிர் சுவரு சும்மாதான் கிடக்கு. தலையை நிமிர்த்தினா தெரியணும்."

"பெரிசாப் போட்டா மீசை படிக்கட்டாயிடும்க்கா."

"ஆகட்டுமே. எனக்கு இப்போ அது தெரியவா போகுது?"

திங்கட்கிழமை காலை முந்நூறு கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே சின்னவள் வந்து நின்றாள். அதே படம், பெரிதாக வேண்டும் என்றாள். அவருக்கு ஒரே திருப்தி. நான் அப்பவே சொன்னேனே என்று மூன்று முறை சொன்னார். காகிதச் சுருளை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"யாருக்குங்க?"

"அன்னிக்குச் சொன்னேனே, அவங்களுக்குத்தான்."

"மூணு அங்குலத்துல நிப்பாங்களே, அவங்களுக்கா?" முந்நூறுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "சரி, இப்போ எங்க இருந்து பார்ப்பாங்க?"

சின்னவளுக்கு அக்காவின் தையற்கடை நன்றாக நினைவிருந்தது. ஜன்னல், மிஷின், எதிர் சுவர், நடுவில் ஏழடி இருக்கும். அதைச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். இரண்டரை வருடத்தில் மிஷின் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ.

"இருங்க," என்றாள் போனை எடுத்துக்கொண்டே. "கேட்டுச் சொல்றேன்."